கூட வர ஆள் தேவை

1997 செப்டம்பர் - அக்டோபர் இதழில், ‘பேக்வுட்ஸ் ஹோம் மேகசின்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வரி விளம்பரம் ஒன்று வந்தது. நகரத்தை விட்டு ஒதுங்கி, தன் கையை நம்பி வாழ நினைக்கிறவர்களுக்கான பத்திரிகை அது. அதன் விளம்பரப் பக்கத்தில், காலத்தில் பின்னோக்கிப் போக ஒருவர் துணைக்கு ஆள் கேட்டிருந்தார். இது விளையாட்டில்லை என்றார். திரும்பி வந்த பிறகுதான் பணம் என்றார். ஆயுதம் நீங்களே கொண்டுவர வேண்டும், பாதுகாப்புக்கு உத்தரவாதம் கிடையாது, இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன் என்று முடித்திருந்தார். கூடவே ஒரு தபால் பெட்டி எண்.

இந்த விளம்பரத்தை வைத்து 2012இல் ஒரு காதல் படம் எடுத்தார்கள். ‘சேஃப்டி நாட் கேரண்டீட்’ என்று பெயர். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் விளம்பரத்தைத் தாண்டி என்னால் சட்டென்று நகர முடியவில்லை. காரணம் தொழில்புத்தி. ஒரு நாளிதழின் வரி விளம்பரப் பிரிவில் பல வருடம் புரூஃப் ரீடராக இருந்தவள் நான். இரண்டு வரி விளம்பரத்தைப் பார்த்தாலே பேனா தேடும் கை இது.

வரி விளம்பரம் கொடுக்கிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுக்கிறார். அதனால் எதைச் சொல்கிறார் என்பதைவிட எதற்குச் செலவு செய்கிறார் என்பதுதான் எங்கள் கண்ணில் முதலில் படும். ஏமாற்ற வருகிறவர் ‘நம்பகமான’, ‘உடனடி’, ‘100 சதவீதம்’ ஆகிய சொற்களுக்குச் செலவு செய்வார். தன் பொருளின் குறையைச் சொல்லக் காசு கொடுத்த ஏமாற்றுக்காரரை நான் பார்த்ததே இல்லை. இந்த மனிதர் என்ன செய்கிறார்? கூலி பிறகு என்கிறார், ஆபத்து உண்டு என்கிறார், அனுபவம் குறைவு என்கிறார். மொத்த விளம்பரமும் ஆளை விரட்டுகிற விளம்பரம். எங்கள் மேஜைக்கு வந்திருந்தால் இவர் பொய் சொல்லவில்லை, ஒன்று உண்மை சொல்கிறார், இல்லையென்றால் மனநிலை சரியில்லாதவர் என்று நினைத்திருப்பேன். படமும் சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

(போட்டிருப்போமா என்று வீட்டுக்காரர் கேட்டார். மாட்டோம். ‘ஆயுதம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மேனேஜர் சிவப்புக் கோடு போட்டிருப்பார். முகவரிச் சான்று வேறு கேட்டிருப்போம்.)

வேடிக்கை என்னவென்றால், நிஜத்தில் அந்த விளம்பரம் மூன்றாவது ரகம். எழுதியவர் ஜான் சில்வேரா. அந்தப் பத்திரிகையிலேயே வேலை பார்த்தவர். பக்கத்தில் இடம் மிச்சமாகிவிட்டது, நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். தான் எழுத ஆரம்பித்து முடிக்காமல் விட்ட ஒரு நாவலின் தொடக்க வரிகளை எடுத்து அப்படியே விளம்பரமாகப் போட்டுவிட்டார். இடம் நிரப்ப எதையாவது போடுவது எங்கள் பிரிவிலும் உண்டு. ‘இங்கே விளம்பரம் செய்யுங்கள்’ என்று எங்களுக்கு நாங்களே விளம்பரம் கொடுத்துக்கொள்வோம். அந்த அளவுக்குத்தான் எங்கள் கற்பனை.

சில்வேரா எதிர்பார்க்காதது, அவருடைய தபால் பெட்டிக்கு வந்த கடிதங்கள். கேலி செய்து எழுதியவர்கள் இருந்தார்கள், ஆர்வத்தில் விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பரவாயில்லை. சிறையிலிருந்து சிலர் எழுதினார்களாம். பின்னோக்கிப் போய், அந்தக் குற்றத்தைச் செய்யாதே என்று தங்களையே தடுத்து நிறுத்தச் சொல்லி. இறந்துபோன தங்கள் மனிதர்களைக் காப்பாற்றித் தரும்படி கெஞ்சி எழுதியவர்களும் உண்டு. இடம் நிரப்பப் போட்ட நான்கு வரிக்கு இப்படிக் கடிதம் வந்தால் என்ன செய்வது? அந்தக் கடிதங்கள் மனத்தைப் பிசைந்ததாகச் சில்வேராவே பின்னாளில் எழுதினார்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் பிரிவுக்கு ‘காணவில்லை’ விளம்பரங்கள் வரும். பையன் வீட்டை விட்டுப் போய்விட்டான், படம், உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்த சட்டை. ‘எங்கிருந்தாலும் வரவும். யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். அம்மா சாப்பிடவில்லை.’ இதெல்லாம் வழக்கம். ஆனால் ஒரு குடும்பம் ஆண்டுதோறும் அதே தேதியில் அதே விளம்பரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே புகைப்படம், அதே சட்டை, அதே வயது. வயதை மாற்ற வேண்டாமா என்று ஒருமுறை போனில் கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெரியவர், “அப்படியே இருக்கட்டும்மா, அந்த வயசுலதான் போனான்” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சில்வேராவின் பெட்டிக்கு எழுதியவர்கள் காலயந்திரத்தை நம்பினார்களா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வருவார். அந்தப் பெரியவர் எதை நம்பினார் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, படம். முழுக் கதையையும் முடிவோடு சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது.

டெரிக் கானலி எழுதி, காலின் ட்ரெவாரோ இயக்கியது. ட்ரெவாரோவுக்கு முதல் முழுநீளக் கதைப்படம். செலவு சுமார் ஏழரை லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்கில் இது டீக்காசு. 2012 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அங்கே திரைக்கதைக்கான வால்டோ சால்ட் விருது கிடைத்தது. சில்வேராவைக் கண்டுபிடித்து, அந்தச் சின்ன விளம்பரத்துக்கு முறையாக உரிமை வாங்கித்தான் எடுத்திருக்கிறார்கள். பெயர்ப்பட்டியலில் அவருக்குக் ‘காலப்பயண ஆலோசகர்’ என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். படத்தின் ஆரம்பத்தில் தபால் நிலையக் காட்சியில் ஒரு பெரியவர் தலைகாட்டுகிறாரே, அவர்தான் இவர்.

சியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஒன்று. ஜெஃப் என்ற நிருபர் இந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, எழுதியவனைத் தேடிப்போய் நகைச்சுவையாக ஒரு கட்டுரை எழுதலாம் என்கிறான். கூட, பத்திரிகையில் வேலை பழக வந்த இரண்டு பேர்: டேரியஸ் என்ற பெண், அர்னவ் என்ற இந்திய வம்சாவளிப் பையன். மூவரும் வாஷிங்டன் மாநிலத்தின் கடலோர ஊர் ஒன்றுக்குப் போகிறார்கள். தபால் பெட்டியைக் காவல் காத்து, விளம்பரம் கொடுத்தவனைக் கண்டுபிடிக்கிறார்கள். கென்னத், மளிகைக் கடையில் அலமாரி அடுக்குகிறவன். தன்னை அரசாங்க ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறவன்.

முதலில் ஜெஃப் போகிறான். பெரிய புன்னகை, தோளில் தட்டுகிற தோரணை, நானும் உன் கட்சிதான் என்ற பேச்சு. கென்னத் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்து விரட்டிவிடுகிறான். அடுத்து டேரியஸ். கடையில் அவன் சாமான் அடுக்கிக்கொண்டிருக்கும்போது போய் நிற்கிறாள். சிரிக்கவே மாட்டாள். அவன் சந்தேகப்பட்டால் இவள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுகிறாள். உன்னை எப்படி நம்புவது என்று அவன் கேட்க வேண்டிய கேள்வியை இவள் அவனிடம் திருப்பிக் கேட்கிற மாதிரி நடந்துகொள்கிறாள். டேரியஸாக ஆப்ரி பிளாசா, கென்னத்தாக மார்க் டூப்ளாஸ். இரண்டு பேரும் முகத்தை அசைக்காமல் இந்தக் காட்சியை நடத்துகிறார்கள். காதல் காட்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இந்தப் படத்தின் காதல் அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

ஜெஃப் தோற்று இவள் ஜெயித்தது ஏன்? நடிப்புத் திறமையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் தான் யார் என்பதை மறைக்கிறாள், ஏன் வந்தேன் என்பதை மறைக்கவில்லை. சிறு வயதில் அவள் கேட்ட சாக்லேட் பாலை வாங்கப் போன அம்மா திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாலும் அதைக் கேட்ட வாக்கியமும் அவளுக்குள்ளேயே கிடக்கின்றன. காலத்தில் பின்னோக்கிப் போக யாராவது கூப்பிட்டால் நிஜமாகவே போகக்கூடியவள் அவள்தான். பத்திரிகை அவளை வேவு பார்க்க அனுப்பியது. ஆனால் அந்த விளம்பரம் தேடிக்கொண்டிருந்த ஆளும் அவளே. கென்னத்துக்கு மூக்கு வியர்த்தது இதற்குத்தான். அவன் ஆளைப் பார்க்கவில்லை, அவளிடம் ஒரு காரணம் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

பிறகு பயிற்சி. காட்டுக்குள் ஓட்டம், துப்பாக்கி சுடுவது, ஆய்வுக்கூடம் ஒன்றில் நுழைந்து லேசர் கருவி திருடுவது. சிரிக்கலாம், அவ்வளவுதான். இந்தப் பகுதியில் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். ஏசி, ஃபிரிட்ஜ் சர்வீஸ் செய்கிறவர். கென்னத் ஒயரைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்ததும், “இந்த கேஜ் ஒயர்ல இவ்ளோ லோடு எடுத்தா தீஞ்சிடும்” என்றார். யந்திரத்தை அவன் படகில் கட்டியிருக்கிறான் என்று பின்னால் தெரிந்தபோது இன்னும் நொந்துபோனார். “எர்த்து எங்க கொடுப்பான்?” படம் முழுக்க யந்திரம் எப்படி ஓடுகிறது என்று ஒரு வார்த்தைகூட விளக்குவதில்லை. அவருக்கு அது குறை. எனக்கு அது நிம்மதி.

கடற்கரையில் நெருப்பு மூட்டி இருவரும் உட்காரும் இரவுக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கென்னத் ஸிதர் என்ற தந்தி வாத்தியத்தை எடுத்துத் தான் எழுதிய பாட்டைப் பாடுகிறான் (பெயர் கேட்டு நம் சிதார் என்று நினைத்துவிடாதீர்கள், மடியில் வைத்து மீட்டுகிற பெட்டி மாதிரி இருக்கும்). பாட்டும் படத்தின் இசையும் கஸ்டர் என்ற இசைக்குழுவின் ரயன் மில்லர் போட்டவை. டூப்ளாஸ் அந்தப் பாட்டை ரொம்ப நன்றாகவும் பாடவில்லை, கேலிக்கு இடமாகவும் பாடவில்லை. வெட்கம் மிச்சமிருக்கிற குரலில் பாடுகிறார். அவன் பாடுவதைக் கேட்கும் டேரியஸின் முகத்தில்தான் கேமரா அதிக நேரம் இருப்பதுபோல எனக்கு ஒரு நினைப்பு. சிரிக்க வந்தவளின் முகம் எந்த இடத்தில் மாறியது என்று தேடினால் கிடைக்காது. கென்னத்துக்கு ஒரு காது செயற்கைக் காது. அதையும் அவன் அவளிடம் ஒளிக்கவில்லை. வீரசாகசம் பேசுகிற ஆண், தன் உடம்பில் ஒட்டவைத்த ஒன்று இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் காட்டுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கிப் பயிற்சியெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

அவன் போக விரும்புவது 2001ஆம் ஆண்டுக்கு. பெலிண்டா என்ற பெண்ணை அவன் காதலித்தான். அவள் வீட்டுக்குள் கார் பாய்ந்து அவள் இறந்துவிட்டாள். அதைத் தடுக்க வேண்டும். அதுவரை படம் எனக்குப் பிடித்த படம். இதற்கடுத்து வருவதால்தான் மனத்தில் நிற்கிற படம்.

பெலிண்டா உயிரோடு இருக்கிறாள். டேரியஸ் போய் அவளைப் பார்க்கிறாள். கிரிஸ்டன் பெல் ஒரே காட்சியில் வந்து போகிறார். நாங்கள் காதலர்களே இல்லை, நல்ல நண்பன், என் காதலனின் வீட்டுக்குள் காரைக் கொண்டுபோய் இடித்தவனே கென்னத்துதான், யாருக்கும் அடி இல்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறாள். அவ்வளவு நேரம் நாம் டேரியஸோடு சேர்ந்து கட்டிய வீடு ஒரு பேட்டியில் சரிகிறது.

டேரியஸ் நேரே போய்க் கேட்கிறாள். அவள் உயிரோடு இருக்கிறாளே? கென்னத் சொல்லும் பதிலுக்காகவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். அவன் மழுப்பவில்லை, கோபப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆச்சரியப்படுகிறான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்றால் என் பயணம் பலித்திருக்கிறது என்று அர்த்தம் என்கிறான்.

இதற்கு என்ன செய்வது? காலப்பயணக் கதைகளில் பழைய சிக்கல் ஒன்று உண்டு. ஒருவரைக் காப்பாற்றப் பின்னோக்கிப் போகிறாய், காப்பாற்றிவிடுகிறாய், அப்புறம் அவர் இறக்கவே இல்லை. இறக்கவில்லை என்றால் நீ போக வேண்டிய காரணமே இல்லை. பிறகு எப்படிப் போனாய்? அறிவியல் புனைகதைகள் இதை வைத்துப் பலகை நிறையக் கோடு போடும். இந்தப் படம் அதே சிக்கலை எடுத்து ஒரு பெண்ணின் கையில் கொடுக்கிறது. ஒரே தகவல், பெலிண்டா உயிரோடு இருக்கிறாள். அதை வைத்து இவன் பொய்யன் என்றும் சொல்லலாம், இவன் ஜெயித்துவிட்டான் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் சான்று ஒன்றே. எந்தச் சான்றும் இனி டேரியஸுக்கு உதவாது.

நம்பிக்கையைப் பற்றிச் சினிமாவில் பேசும்போது பெரும்பாலும் ஒரே பாட்டுத்தான். கண்ணை மூடிக்கொண்டு நம்பு, அதுதான் காதல். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. டேரியஸ் கண்ணை மூடவில்லை. போய் விசாரித்தாள். திரும்பி வந்து முகத்துக்கு நேரே கேட்டாள். பதிலைக் கேட்டாள். அந்தப் பதில் பைத்தியக்காரத்தனமாக இருப்பதும் அவளுக்குத் தெரியும். இவ்வளவையும் செய்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் நம்பிக்கை என்கிற அளவுக்கு நான் போக மாட்டேன், ஆனால் விசாரித்துவிட்டு நம்புகிறவளை எனக்குக் கண்மூடி நம்புகிறவளைவிடப் பிடிக்கிறது. எங்கள் பிரிவில் ‘மணமகன் தேவை’ விளம்பரம் கொடுத்த அப்பாக்களுக்கும் இதையே சொல்வேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. விமர்சனங்களில் பெரும்பாலும் கென்னத்தை நம்பலாமா என்ற கேள்வியையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் படத்தில் தெரிந்தே ஏமாற்றிக்கொண்டிருப்பவள் டேரியஸ். அவன் ஏதோ ஒரு விதத்தில் தான் சொல்வதை நம்புகிறான். அவள் பத்திரிகைக்காரி என்பதை மறைத்துத்தான் அவனோடு நெருப்பருகே உட்கார்ந்தாள். அது வெளியே வரும்போது அவன் முகத்தில் விழும் அடிக்கு முன்னால் பெலிண்டா விவகாரம் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் அரசாங்க ஆட்களும் வந்து சேர்கிறார்கள். ஆமாம், நிஜமாகவே பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவன் ஒற்றனோ என்ற சந்தேகம் அவர்களுக்கு. கிறுக்கு என்று நாம் ஒதுக்கியதில் ஒன்று பலித்துவிட்டது, மற்றதும் பலித்தால் என்ன என்று ஒரு நொடி தோன்ற வைக்கிற புத்திசாலித்தனமான இடம்.

அர்னவைப் பற்றிக் கொஞ்சம். கரண் சோனி நடித்திருக்கிறார், டெல்லியில் பிறந்தவர். பின்னால் ‘டெட்பூல்’ படங்களில் டாக்சி ஓட்டுநராக வந்தவர் என்றால் பலருக்குத் தெரியும். நடிப்பில் குறையில்லை. ஆனால் கண்ணாடி, லேப்டாப், பெண் வாடையே படாத கூச்சம் என்று எழுதப்பட்ட இந்தியப் பையன் பாத்திரம் எனக்குச் சலித்துவிட்டது. ஜெஃப் அவனை ஒரு இரவு ‘ஆம்பிளையாக்க’ அழைத்துப் போகிற பகுதி படத்தில் இல்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது.

ஜெஃபின் கதையைத்தான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் தடவை பார்த்தபோது அதுவும் இடைச்செருகலாகத்தான் பட்டது. அவன் இந்த ஊருக்கு வந்ததே கட்டுரைக்காக அல்ல. பள்ளிப் பருவத்தில் பழகிய லிஸ் இங்கே இருக்கிறாள், அவளைத் தேடித்தான். தேடிப் போய்ப் பார்த்தால் அவளுக்கு வயதாகிவிட்டது, இவனுக்கு ஏமாற்றம். தனக்கும் வயதாகியிருக்கிறது என்பது அவன் கணக்கில் இல்லை. பிறகு மெல்ல அவளிடம் விழுகிறான். அவள் சமையல், அவள் வீடு, அவள் நிதானம். என்னோடு சியாட்டிலுக்கு வந்துவிடு என்கிறான். அவள் வர மாட்டேன் என்கிறாள். அன்றைக்குப் போனவன்தானே, இன்றைக்கும் போவாய்.

யந்திரம் இல்லாமலே பின்னோக்கிப் போனவன் ஜெஃப். பழைய ஊர், பழைய பெண், பழைய கோடைக்காலம். அவனுக்குப் பாதை சுலபமாகவே கிடைத்தது, ஏறிக்கொள்ளத்தான் யாரும் வரவில்லை. டேரியஸ் படகில் ஏறுவதை எல்லோரும் கைதட்டிப் பார்க்கிறோம், லிஸ் ஏறாமல் நின்றதையும் அதே அளவுக்குப் பார்க்க வேண்டும். கதாசிரியர் இரண்டு பெண்களையும் ஒரே கேள்விக்கு முன் நிறுத்தி, இரண்டு வேறு பதில்களைச் சொல்ல விட்டிருக்கிறார். யாரையும் தப்பு என்று சொல்லவில்லை. லிஸ்ஸிடமும் சான்று இருந்தது. ஜெஃப் குடித்துவிட்டுக் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியில் வட்டமடித்துக்கொண்டே அழுகிறானே, ஜேக் ஜான்சன் என்ற நடிகரை எனக்குப் பிடித்துப்போனது அந்த அழுகையில்தான். மற்ற நேரமெல்லாம் எரிச்சல் மூட்டுகிற ஆள்.

கடைசிக் காட்சி. கென்னத் காட்டுக்குள் ஓடிப் படகுக்குப் போய்விடுகிறான். டேரியஸ் துரத்திக்கொண்டு போகிறாள். அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அதுவரை பெலிண்டாவுக்காக என்று இருந்த பயணத்தின் காரணத்தை அவன் அங்கேயே மாற்றுகிறான். இனி உனக்காகப் போகிறேன் என்கிறான். அம்மாவுக்காக, அந்தச் சாக்லேட் பால் நாளுக்காக. அவள் ஏறுகிறாள். கரையில் ஜெஃப், அர்னவ், அரசாங்க ஆட்கள். யந்திரம் உறுமுகிறது, ஒளி, படகு தண்ணீரிலிருந்து காணாமல் போகிறது.

காரணம் மாறுகிற அந்த வசனத்தில் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. 2001ஐப் பல வருடம் சுமந்தவன் இவ்வளவு சீக்கிரம் இன்னொருத்திக்காக மாற்றிக்கொள்வானா? இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. பெலிண்டா உயிரோடு இருக்கிறாள், அவன் கணக்கில் அந்த வேலை முடிந்தது. முடிந்த வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் விட்டுவிடத் தெரிந்த ஒரே ஆண் இந்தப் படத்தில் கென்னத்துதான். ஊரார் கிறுக்கு என்கிறவன்.

படகு மறைய வேண்டுமா கூடாதா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் மறையக் கூடாது என்ற கட்சி. அவள் காலெடுத்து வைத்த இடத்தில் படம் முடிந்துவிட்டது. யந்திரம் ஓடியதைக் காட்டுவது, அவள் நம்பியது சரிதான் என்று மேலிருந்து மார்க் போடுகிற வேலை. ஓடாமல் இருந்திருந்தால் அவள் ஏறியது தப்பாகிவிடுமா என்ன? இதைச் சொன்னால் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். “ஒன்றரை மணி நேரம் உட்கார வச்சுட்டு மெஷின ஓட்டிக் காட்டலேன்னா அது ஏமாத்து” என்பார். ஒரு ஏசியைக் கழற்றி மாட்டிவிட்டு ஆன் செய்து காட்டாமல் அவர் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை, அதனால் இந்தக் கருத்தை நான் மதிக்கிறேன். அவர் சொல்வதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஏழரை லட்சம் டாலரில் எடுத்த படத்தில், கடைசியில் ஒரு படகை மறையவைக்கத் துணிந்ததற்கே ஒரு கும்பிடு போடலாம். பிறகு ட்ரெவாரோவை நம்பி ‘ஜுராசிக் வேர்ல்ட்’ படத்தையே கொடுத்தார்கள், 2015இல் வெளிவந்த அது 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த டைனோசர்கள் எல்லாவற்றையும்விட இந்தப் படகுதான் எனக்கு மனதில் நிற்கிறது என்றால் சிரிக்காதீர்கள்.

போன வாரம் மறுபடி பார்த்தபோதும் இதே சண்டை. படகு மறைந்தது, பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்தது. “பார்த்தியா, ஓடிச்சு” என்றார், ஏதோ அவரே சர்வீஸ் பண்ணிக் கொடுத்த மாதிரி. “எர்த் இல்லாமயா?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் ரிமோட்டை எடுத்து அந்தக் காட்சியைப் பின்னோக்கி ஓட்டினார், ஒயரிங்கைப் பார்க்க.